எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவில் ஆங்கிலம் அதிகம் அறியாதவர்கள் எதைப் பார்க்கலாம்?

கோபி தமிழாசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோபிசெட்டிபாளையம் பகுதியில் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் மகள் ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரில் வேலை செய்கிறாள். வரும் ஆகஸ்டில் நானும் என் மனைவியும் பத்து நாள்கள் அவளோடு தங்கப் போகிறோம். அந்த மாதத்தில் அங்கே நாடகமும் நகைச்சுவையும் இசையுமாக ஊரே திருவிழாவாக இருக்கும் என்றும், ஃபிரிஞ்ச் என்னும் அந்த விழாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கும் என்றும் மகள் சொன்னாள். நிகழ்ச்சிப் பட்டியல் உள்ள இணையதளத்தை அனுப்பி, பிடித்தவற்றைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். மூன்று நாள் மாலை உட்கார்ந்து பார்த்தும் என்னால் ஒன்றைக்கூடக் குறிக்க முடியவில்லை. அத்தனை நிகழ்ச்சிகளும் தங்களைத் தாங்களே மிகச் சிறந்தவை என்று சொல்லிக்கொள்கின்றன.

எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆங்கிலம் படித்தால் நன்றாகப் புரியும். நிதானமாகப் பேசினால் கேட்டும் புரிந்துகொள்வேன். என் மனைவிக்குக் கடைப் பலகையைப் படிக்கும் அளவுக்குத்தான் ஆங்கிலம் தெரியும். ஆனால் கலையை ரசிப்பதில் அவர் என்னைவிட மேலானவர். அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாக இரவெல்லாம் விழித்திருந்து கேட்டு வளர்ந்தவர். இப்போதும் எங்கள் ஊர் வள்ளி கும்மிக் குழுவில் ஆடுகிறார். அவ்வளவு தூரம் அழைத்துப்போய், புரியாத பேச்சுக்கு நடுவே அவரை உட்கார வைத்துவிடக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை. மகள் பகலில் அலுவலகம் போய்விடுவதால் பெரும்பாலும் நாங்கள் இருவர் மட்டுமே போய்வர வேண்டியிருக்கும். எனக்கு முழங்கால் வலியும் உண்டு. அங்கே போய்வந்தவர்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பேரூர் நாடக ரசிகர்

ஐயா, வணக்கம். மேற்படிப்புக்காக எடின்பரோவில் இருந்தபோது மூன்று ஆகஸ்டு மாதங்களை இந்த விழாவிலேயே கழித்தவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும், முதல் ஆண்டில் நான் அகப்பட்டதைப் பிடித்துப் பார்த்துப் பணத்தையும் நேரத்தையும் இழந்தது நினைவுக்கு வந்தது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஃபிரிஞ்சில் நிகழ்ச்சிகளை விழா நடத்துபவர்கள் தேர்ந்தெடுத்து அனுமதிப்பதில்லை. 1947இல் எடின்பரோ சர்வதேச விழா முதன்முதலாக நடந்தபோது, அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற எழுத்தாளர், அதிகாரபூர்வ விழாவின் விளிம்பில் நடப்பவை என்ற பொருளில் எழுதியதிலிருந்து, விளிம்பைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லே விழாவுக்குப் பெயராயிற்று. 1958இல் ஃபிரிஞ்ச் சங்கம் அமைந்தபோதும், வருபவர்களை வடிகட்டுவதில்லை என்பதையே அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். ஆகவே உலகப் புகழ் பெற்றவரும், நேற்றுக் கல்லூரி முடித்தவரும் ஒரே பட்டியலில் ஒரே அளவு எழுத்தில் இருப்பார்கள். அழைப்பின் பேரில் பெரிய இசைக்குழுக்களும் நாடகக் குழுக்களும் வருவது சர்வதேச விழாவுக்கு. அதுவும் அதே ஆகஸ்டில் தனியாக நடக்கும். இணையத்தில் தேடும்போது இவ்விரண்டும் கலந்து வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் சந்தையை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மாடும் குதிரையும் கொண்டுவருபவரை யாரும் நிறுத்தித் தரம் பார்ப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் சுழி பார்ப்பதும் நடக்கவிட்டுப் பார்ப்பதும் வாங்க வந்தவரின் பொறுப்பு. ஃபிரிஞ்சும் அப்படித்தான்.

நான் பல் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு நிகழ்ச்சியின் விளம்பர வரிகளை நம்பாமல், அந்தக் கலைஞரோ குழுவோ முன்பு செய்தவற்றின் காணொளியைப் பத்து நிமிடம் பார்ப்பேன். அந்தப் பத்து நிமிடத்தில் மனம் ஈடுபடவில்லை என்றால், ஒரு மணி நேரத்திலும் ஈடுபடப் போவதில்லை. நட்சத்திரக் குறிகளைப் பொறுத்தவரை எத்தனை நட்சத்திரம் என்பதைவிட யார் கொடுத்தது என்பதைப் பாருங்கள். பெயரே கேள்விப்படாத இணையதளம் ஒன்று ஐந்து நட்சத்திரம் தந்திருப்பதில் பெரிய பொருள் இல்லை. புதிய நாடகங்களுக்கு ‘ஸ்காட்ஸ்மன்’ நாளிதழ் 1973 முதல் ‘ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட்’ என்னும் விருதை விழா நடக்கும்போதே வழங்கிவருகிறது. அந்த அறிவிப்பைக் கவனித்தால் நல்ல நாடகம் கிடைக்கும். நகைச்சுவைக்கென 1981இல் தொடங்கிய விருதும் உண்டு. ஆனால் அதன் இறுதிப் பட்டியல் வெளியாகும்போது விழா முடியும் தறுவாயில் இருக்கும் என்பதால், அதன்பின் அந்த நிகழ்ச்சிகளுக்கு இடம் கிடைப்பது கடினம்.

எல்லாவற்றையும்விட நேரில் பேசிப் பார்ப்பதுதான் சிறந்த வழி. கோட்டையிலிருந்து இறங்கும் ராயல் மைல் என்ற பழைய தெருவில், ஹை ஸ்ட்ரீட் பகுதியில், நடிப்பவர்களே நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வாங்கியதும் நகர்ந்துவிடாமல், “என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது, உங்கள் நிகழ்ச்சியை அவர் ரசிக்க முடியுமா?” என்று நேராகவே கேளுங்கள். நான் கண்டவரை அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். முழுக்கப் பேச்சுதான், வேண்டாம் என்று சொல்லி, அருகில் நின்ற வேறு குழுவைக் காட்டி அனுப்பியவர்களும் உண்டு.

அம்மாவுக்கு ஏற்ற இடங்கள் என்று பார்த்தால், மெடோஸ் என்ற பெரிய புல்வெளியில் அண்டர்பெல்லி நிறுவனம் 2015 முதல் சர்க்கஸுக்கென்றே கூடாரம் போட்டுவருகிறது. கிராஸ்மார்க்கெட்டில் உள்ள டான்ஸ் பேஸ் நடனத்துக்கான தேசிய மையம். ஆகஸ்டில் அங்கே நடன நிகழ்ச்சிகள் இருக்கும். உடுக்கைப் பாட்டு கேட்டு வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். ஹை ஸ்ட்ரீட்டிலேயே ஸ்காட்லாந்தின் கதைசொல்லல் மையம் இருக்கிறது. வாய்மொழிக் கதைக்கென்று ஒரு நாடு தனிக் கட்டடம் வைத்திருப்பதை அவர் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். சொற்கள் எல்லாம் புரியாவிட்டாலும், கதைசொல்லியின் குரல் ஏறி இறங்குவதும் இடையில் பாட்டு வருவதும் அவருக்குப் பழகிய பாதையாகவே இருக்கும். நாடகத்துக்கு நீங்கள் டிராவர்ஸ் அரங்குக்குப் போகலாம். 1963இல் தொடங்கிய அந்த அரங்கு புதிய நாடகங்களுக்குப் பேர் பெற்றது. சம்மர்ஹால் என்ற இடம் முன்பு கால்நடை மருத்துவக் கல்லூரியாக இருந்தது. பழைய உடற்கூறு விரிவுரைக் கூடத்தில் இப்போது நாடகம் நடக்கிறது. அங்கே சோதனை முயற்சிகள் மிகுதி என்பதால் விவரம் படித்துவிட்டுப் போங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். காலை பத்து மணிக்கே தொடங்கி நள்ளிரவைத் தாண்டியும் நடப்பதால் ஐந்தாறு பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் தொடங்கிய பிறகு வருபவரைப் பெரும்பாலான அரங்குகள் உள்ளே விடுவதில்லை. இரண்டுக்கும் இடையே ஒன்றரை மணி நேரமாவது விட்டு வையுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு மகள்

ஐயா, நான் என் அம்மாவை அழைத்துச் சென்றவள் என்பதால் உங்கள் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் செய்த தவற்றை நீங்கள் செய்துவிடக் கூடாது என்றே எழுதுகிறேன்.

போன முதல் நாளே, பலரும் புகழ்ந்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு இரவு பத்தரை மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நிலவறை போன்ற சிறிய அறை. அறுபது பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தோம். அத்தனை பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, என் அம்மா மட்டும் அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதோடு மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்றால், அவ்வளவு சிறிய அறையில் பேசுபவருக்கே அது இடையூறாகிவிடும். புரியாத நாடகத்தைக்கூட ஒருவர் அமைதியாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஊரே சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருப்பது ஒருவரை வெளியே நிறுத்திவிடுகிறது. அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

மறுநாள் மெடோஸ் கூடாரத்தில் சர்க்கஸ் பார்த்தோம். ஒரு பெண் மேலே கயிற்றில் ஒற்றைக் கையால் தொங்கியபோது அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும், “பாசை எதுக்கு கண்ணு? அந்தப் புள்ள உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறது தெரியுதில்ல?” என்றார். அதற்குப் பிறகு சர்க்கஸ், நடனம், இசை, முகபாவத்தாலும் உடலாலும் மட்டுமே சிரிக்க வைக்கும் கோமாளி நிகழ்ச்சிகள் என்று மாற்றிக்கொண்டேன். காலை நேரத்தில் குழந்தைகளுக்கென நடப்பவற்றையும் விட்டுவிடாதீர்கள். அவற்றில் சொற்கள் எளிமையாக இருக்கும். பொம்மைகளும் பாட்டும் கதையைச் சொல்லிவிடும். பெரியவர்களும் மனதார ரசிக்கலாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வயது வரம்பும், கெட்ட வார்த்தைகள், உடை களைதல் போன்ற எச்சரிக்கைகளும் பட்டியலிலேயே போட்டிருப்பார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் அதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் முழங்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடின்பரோ நகரம் வரைபடத்தில் தட்டையாகத் தெரியும். ஆனால் ஊர் இரண்டு தட்டாகக் கட்டப்பட்டது. 1788இல் கட்டி முடித்த சவுத் பிரிட்ஜ் என்பது பத்தொன்பது வளைவுகள் கொண்ட பாலம். இருபுறமும் கட்டடங்கள் மறைத்துக்கொண்டதால் நடப்பவருக்கு அது சாதாரணக் கடைத்தெருவாகவே தெரியும். அதன் அடியில் குறுக்காக ஓடுவது கௌகேட் தெரு. கைப்பேசி வரைபடம் “வந்துவிட்டீர்கள்” என்று காட்டும். அரங்கோ காலடியில் பல படிகளுக்குக் கீழே இருக்கும். பாலத்தின் அடி வளைவுகளிலும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஆகவே ஒவ்வொரு அரங்குக்கும் படியில்லாத வழி உண்டா என்று பட்டியலில் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள். பல தெருக்களில் உருண்டைக் கல் பாவியிருக்கும்; புதுச் செருப்பு வேண்டாம், பழகிய ஷூ போட்டு நடங்கள்.

ஆகஸ்டு அங்கே கோடைக்காலம் என்று பெயர்தான். பகலிலேயே பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இரவில் பதினொன்று பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். எந்த நேரத்திலும் தூறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த எனக்கே அந்தக் காற்றில் குடை பிடிக்க முடியவில்லை. தலையை மூடும் மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஈரோட்டு வாசகர்

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஆசிரியர் ஐயா நகைச்சுவையை முழுவதுமாகத் தவிர்த்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மகளுக்கு விடுமுறையான ஒரு நாளில் அம்மாவும் மகளும் வேறு எங்காவது போகட்டும். நீங்கள் மட்டும் ஒரு ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிக்கு, அதாவது ஒருவர் மேடையில் தனியாக நின்று பேசியே சிரிக்க வைக்கும் நிகழ்ச்சிக்கு, போய்வாருங்கள். சிலேடையையும் தனிப்பாடல்களையும் காலமெல்லாம் வகுப்பில் நடத்தியவர், இன்னொரு மொழிக்காரர்கள் தங்கள் மொழியை எப்படி வளைத்துச் சிரிக்க வைக்கிறார்கள் என்று பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

முதல் முறைக்கு, நான்கைந்து பேர் ஆளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் பேசும் கலவை நிகழ்ச்சியாக எடுங்கள். ஒருவர் பேச்சு பிடிபடாவிட்டாலும் அடுத்தவர் பேச்சு பிடிபடும். பிற்பகல் நிகழ்ச்சியாக இருப்பது நல்லது, ஏனென்றால் இரவு ஏற ஏற மதுவும் கூச்சலும் ஆபாசமும் கூடும். ஸ்காட்லாந்து உச்சரிப்பு புரியாதே என்று அஞ்ச வேண்டாம். பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல இடங்களிலிருந்து வருபவர்கள். புரியாமல் போவது பெரும்பாலும் உச்சரிப்பால் அன்று. அவர்கள் ஊர் அரசியல்வாதி, தொலைக்காட்சி, கடை என்று வரும் பெயர்களால்தான். குடும்பம், வயது, பெற்றோர் என்று பேசுகிறவரைத் தேர்ந்தெடுத்தால் கோபியில் இருந்து போனவருக்கும் சிரிப்பு வரும்.

கோபி தமிழாசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொள்ளாச்சி மகள் எழுதியதை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். “அந்தம்மா சொன்னது நெசந்தானுங்க” என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முன்வரிசையில் உட்கார்ந்தால் பேசுபவர் நம்மை வம்புக்கு இழுப்பார் என்று மகள் சொல்கிறாள், அது உண்மையா? மேலும், பல நிகழ்ச்சிகளுக்கு இலவசம் என்று போட்டிருக்கிறார்கள். இலவசம் என்றால் தரம் குறைந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? பணம் ஏதும் கொடுக்காமல் வருவது முறைதானா?

பேரூர் நாடக ரசிகர்

உண்மைதான் ஐயா. முன்வரிசையில் இருப்பவரிடம் எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்டு அதிலிருந்து பேச்சை வளர்ப்பார்கள். பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் இருக்காது. விருப்பம் இல்லையென்றால் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் ஓரமாக உட்காருங்கள். பெரும்பாலான சிறிய அரங்குகளில் இருக்கை எண் கிடையாது, முன்னால் வருபவருக்கே விருப்பமான இடம் என்பதால் பதினைந்து நிமிடம் முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள்.

இலவச நிகழ்ச்சிகளைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த விழாவில் பெரும்பாலான கலைஞர்கள் சம்பளம் வாங்குவதில்லை. அரங்க வாடகை, பட்டியலில் பெயர் சேர்க்கும் கட்டணம், விளம்பரம், ஆகஸ்டில் பன்மடங்கு ஏறிவிடும் அறை வாடகை என எல்லாவற்றையும் தாங்களே ஏற்கிறார்கள். பலர் கடனோடுதான் ஊர் திரும்புகிறார்கள். இந்தச் சுமையைக் குறைப்பதற்காகவே பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1996இல் இலவச ஃபிரிஞ்ச் முறையைத் தொடங்கினார். அவர் முறையில் கலைஞர் அரங்குக்கு வாடகை கொடுப்பதில்லை, பார்வையாளர் டிக்கெட் எடுப்பதில்லை. முடிந்ததும் கலைஞரே வாசலில் வாளி ஏந்தி நிற்பார். ஆகவே அது இலவசம் என்பதைவிட, பார்த்த பிறகு கொடுப்பது என்று சொல்வதே பொருந்தும். நம் ஊரில் கூத்துக்காரர் தட்டு ஏந்திக் கூட்டத்தைச் சுற்றி வருவதும், நாம் கையில் இருப்பதைப் போடுவதும் அதே வழக்கம்தான். நான் மாணவனாக இருந்தபோதும் ஐந்து பவுண்டுக்குக் குறையாமல் போட்டேன். மனம் நிறைந்திருந்தால் பத்துப் பவுண்டு போடுங்கள். கையில் தாள் இல்லாதவர்களுக்காக அட்டை தேய்க்கும் கருவியும் பலர் வைத்திருப்பார்கள். ஒன்றும் போடாமல் அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியேறுவது மட்டும் வேண்டாம்.

தரத்தைப் பொறுத்தவரை, நான் பார்த்த சிறந்த நிகழ்ச்சிகளில் இரண்டு இலவச வகைதான். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: அவை பெரும்பாலும் மதுக்கூடங்களின் பின்னறையிலோ மாடியிலோ நடக்கும். அம்மாவுக்கு அந்தச் சூழல் ஒவ்வாது என்றால் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். கட்டண நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் பத்து முதல் இருபது பவுண்டு வரை ஆகும். தொடக்க நாள்களில் நடக்கும் முன்னோட்டக் காட்சிகளுக்கு விலை குறைவு; உங்கள் பயணம் மாதத் தொடக்கத்தில் அமைந்தால் நல்லது.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு மகள்

ஒன்று விட்டுப்போயிற்று, ஐயா. கோட்டை முன்றிலில் 1950 முதல் நடந்துவரும் ‘டாட்டூ’ என்னும் இராணுவ இசை அணிவகுப்பு ஃபிரிஞ்சைச் சேர்ந்ததன்று. ஆனால் அதே ஆகஸ்டில்தான் நடக்கும். நூற்றுக்கணக்கான பைக்குழல்களும் முரசுகளும் ஒன்றாக முழங்கி வருவதைக் கேட்டபோது, என் அம்மா தம்மை அறியாமல் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். திறந்தவெளி என்பதால் போர்வை ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள்.

கோபி தமிழாசிரியர்

நேற்று இரவு மகளோடு காணொளி அழைப்பில் பேசி முடிவு செய்துவிட்டோம். முன்கூட்டியே எடுப்பது மூன்று மட்டும்: மெடோஸ் கூடாரத்தில் ஒரு சர்க்கஸ், டான்ஸ் பேஸில் ஒரு நடனம், ஒரு நாள் டாட்டூ. ஈரோட்டு நண்பர் சொன்னபடி, ஞாயிறு பிற்பகல் மகளும் மனைவியும் கதைசொல்லல் மையத்துக்குப் போகும்போது நான் ஒரு கலவை நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போகிறேன், மூன்றாம் வரிசைக்குப் பின்னால். வாளிக்கென்று ஐந்து பவுண்டுத் தாள்களைத் தனியாக மாற்றி வைக்கும்படி மகளிடம் சொல்லிவிட்டேன்.

மற்ற நாள்களை என் மனைவி நிரப்பவிடவில்லை. போய் இறங்கிய மறுநாள் ராயல் மைலில் நடந்து, நோட்டீஸ் கொடுப்பவர்களின் முகத்தையும் அவர்கள் செய்துகாட்டுவதையும் தான் நேரில் பார்த்த பிறகுதான் மற்றவற்றை எடுக்க வேண்டும் என்கிறார். மாடு பிடிக்கிறவர் வீட்டில் பிறந்தவர். பல் பார்க்கும் வேலையை அவரிடமே விட்டுவிட்டேன்.